உளியும் பேனையும்: வைமார் கட்டடக்கலைப் பள்ளியின் கதை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதப்பட்டுள்ளது.)

 

எங்கள் சங்கத் தலைவர் போன மாதம் தொலைபேசியில் கதைத்தார். "அண்ணை, இந்தமுறை நீங்கள்தான் பேச வேணும். உங்கட மகள் படிச்ச இடத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. பிள்ளையளை என்ன படிக்க விடுறது எண்டு கனபேர் குழம்பிப்போய் இருக்கினம்" என்றார். நான் பேச்சாளன் இல்லை. இந்த நாட்டில் என் உழைப்புக் காலம் முழுவதும் உணவகச் சமையலறையில் நின்றவன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், கடைசியில் சமைத்தேன். ஆனாலும் சொல்ல வேண்டிய ஒரு கதை என்னிடம் இருக்கிறது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் 1985இல் வந்தவன். இங்கே இருக்கும் பலரைப் போல மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்தேன். 1986 இலையுதிர்காலத்தில் அந்த வழி அடைபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு மேற்கே ஒரு சிறு நகரத்து அகதி முகாம். எங்களுக்கென்று ஒதுக்கிய மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை செய்ய அனுமதி இல்லை. அறையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேதான் ஒரு முடிவு எடுத்தேன். எனக்குப் பிள்ளை பிறந்தால் அது டொக்டராக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினியராக வேண்டும். கை அழுக்காகிற வேலை என்னோடு முடியட்டும் என்று நினைத்தேன்.

2011இல் மகள் அபித்தூர் சோதனையில் நல்ல புள்ளிகளோடு தேறினாள். மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னாள்: "அப்பா, நான் வைமாருக்குப் போறன். கட்டடக்கலை படிக்கப் போறன்."

எனக்கு இரண்டு விதமான பயம். வைமார் கிழக்கே இருக்கிறது. 1991இல் ஹொயர்ஸ்வெர்டாவிலும் 1992இல் ரொஸ்டொக்கிலும் வெளிநாட்டவர் இருந்த கட்டடங்களைத் தாக்கியதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். மேற்கிலும் மோல்ன், சோலிங்கன் என்று வீடுகளை எரித்தார்கள்தான். ஆனாலும் மனம் கிழக்கைத்தான் பயந்தது. இரண்டாவது பயத்தைப் பிறகு சொல்கிறேன். மூன்று கிழமை நான் மகளோடு சரியாகக் கதைக்கவில்லை. அவள் மேசையில் அந்தப் பள்ளியின் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். "வாசியுங்கோ, பிறகு பேசுங்கோ" என்று ஒரு துண்டும் அதிலே இருந்தது. அப்படித்தான் நான் இந்தக் கதையைப் படித்தேன்.

வைமார் சிறிய ஊர். ஜேர்மானியரின் பெருங்கவி கோத்தே வாழ்ந்து 1832இல் இறந்த ஊர். அங்கே 1860இல் ஓவியக் கல்லூரி ஒன்று தொடங்கியது. இன்றைய பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்தைக் கட்டியவர் ஹென்றி வான் டி வெல்டே என்ற பெல்ஜியக்காரர். 1904க்கும் 1911க்கும் இடையில் அதைக் கட்டினார். பக்கத்தில் கைவினைப் பள்ளிக்கும் ஒரு கட்டடம் எழுப்பி, அந்தப் பள்ளியை அவரே நடத்தினார். முதலாம் உலகப்போர் வந்ததும் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். 1915இல் அவருடைய பள்ளி மூடப்பட்டது. அவர் கடைசியில் சுவிசுக்குப் போனார். ஆகவே அந்தக் கட்டடத்தின் கதை தொடங்கும்போதே ஒரு வெளிநாட்டவரை வெளியேற்றிய கதையாகத்தான் தொடங்குகிறது. போகுமுன் அவர் தனக்குப் பிறகு வரத்தக்கவர்கள் என்று சில பெயர்களைச் சொல்லியிருந்தார். அதில் ஒருவர் வால்டர் குரோப்பியுஸ் என்ற இளம் கட்டடக்கலைஞர்.

போர் முடிந்தது. 1919 ஏப்ரலில் குரோப்பியுஸ் பொறுப்பேற்று, ஓவியப் பள்ளியையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றாக்கி அதற்கு 'பௌஹவுஸ்' என்று பெயர் வைத்தார். அவருடைய அறிக்கையின் சாரம் இதுதான்: கட்டடக்கலைஞர், சிற்பி, ஓவியர் எல்லோரும் கைத்தொழிலுக்குத் திரும்ப வேண்டும், கலைஞனுக்கும் தொழிலாளிக்கும் நடுவிலே நிற்கிற செருக்குச் சுவர் இடிய வேண்டும். இதை வாசித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். எங்கட ஊரிலேயும் அந்தச் சுவர் இருந்தது. அது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும்.

அங்கே பேராசிரியர் என்ற பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். தொழிற்சங்கங்களில் இருந்ததுபோல மேஸ்திரி, கைதேர்ந்தவன், பயில்பவன் என்று மூன்று படிகள் வைத்தார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள்: ஒருவர் உருவம், நிறம் கற்பிக்கும் கலைஞர், மற்றவர் தச்சு, நெசவு, உலோகம், மட்பாண்டம் என்று தொழில் தெரிந்த மேஸ்திரி. பவுல் கிளே, கண்டின்ஸ்கி போன்ற பெரிய ஓவியர்கள் அங்கே படிப்பித்தார்கள். அவர்கள் இருந்த பள்ளியிலே ஒரு தச்சு மேஸ்திரியும் ஆசான் என்று இருந்தார்.

புதிதாக வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் அடிப்படைப் பயிற்சி செய்ய வேண்டும். யொஹான்னஸ் இட்டன் என்ற சுவிஸ் நாட்டவர் அதைத் தொடங்கினார். வகுப்புத் தொடங்க முன் மூச்சுப்பயிற்சி. பிறகு மரம், கல், துணி, கம்பி, பழைய தகரம் எல்லாவற்றையும் கையாலே தடவிப் பார்த்து, அதன் குணத்தை அறிந்து, கீற வேண்டும், பொருத்த வேண்டும். இட்டன் மரக்கறி உணவுக்காரர். அவருடைய காலத்தில் பள்ளிச் சமையலறையில் உள்ளி மணம் தூக்கலாக இருந்ததாம். சமையற்காரன் என்ற முறையில் இது எனக்குப் பிடித்தது.

மாணவர் வாழ்க்கை சொகுசானதல்ல. பலர் போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள். குளிர்காலத்தில் நெருப்பு மூட்ட வழியில்லை, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. பள்ளியே சமையற்கூடம் நடத்தியது; காய்கறித் தோட்டமும் வைத்திருந்தது. 1923இல் காசின் பெறுமதி சரிந்து பாண் வாங்கக் கட்டுக்கட்டாய்த் தாள் வேண்டியிருந்தபோது, துரிங்கன் மாநில வங்கி அவசரத்துக்கு அச்சிட்ட பத்து இலட்சம் மார்க் தாளை வரைந்து கொடுத்தவர் ஹெர்பெர்ட் பாயர் என்ற பௌஹவுஸ் மாணவர்தான்.

பஞ்சத்திலும் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. கோடையில் விளக்குத் திருவிழா, இலையுதிர்காலத்தில் பட்டத் திருவிழா. மாணவர்களும் ஆசான்களும் தாங்களே பட்டம் கட்டி, ஊர்வலமாகப் போய் மலைச்சரிவில் ஏற்றுவார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிறதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. மூங்கிலை வளைத்து நூல் கட்டத் தெரிந்தவன் பாதிக் கட்டடக்கலைஞன்தான்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தவணையில் 84 பெண்களும் 79 ஆண்களும் சேர்ந்தார்கள். எல்லோரும் சமம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் பிறகு பெரும்பாலான பெண்களை நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள். அந்த நெசவுப் பட்டறையையே குண்டா ஸ்டோல்ஸ்ல் என்ற பெண் பின்னாளில் தலைமை தாங்கி நடத்திப் பெயர் பெறச் செய்தார். நல்ல கொள்கை பேசுகிற இடத்திலும் குறை இருக்கும். அதையும் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. வைமாரில் இருந்த ஆறு ஆண்டுகளிலும் பௌஹவுஸில் கட்டடக்கலைக்கென்று ஒழுங்கான ஒரு பிரிவு இருக்கவில்லை! அது 1927இல் டெசவ் நகரத்திலேதான் வந்தது. வைமாரில் அவர்கள் கட்டியது ஒரேயொரு வீடு, 1923 கண்காட்சிக்காக. தட்டைக் கூரை, நடுவிலே பெரிய அறை, சுற்றிவரச் சிறிய அறைகள். மகளோடு போய் அதைப் பார்த்தேன். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள், நான் சமையலறையைப் பார்த்தேன். யன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி நீண்ட வேலைத்தட்டு, எட்டும் உயரத்தில் அலுமாரி. எத்தனையோ சமையலறைகளில் முதுகு முறிய நின்றவன் சொல்கிறேன்: அதை வரைந்தவர்கள் வேலை செய்கிறவர்களின் உடம்பை நினைத்து வரைந்திருக்கிறார்கள்.

1924 தேர்தலில் துரிங்கனில் வலதுசாரிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பள்ளியின் பணத்தைப் பாதியாக வெட்டினார்கள். 1925இல் பௌஹவுஸ் வைமாரை விட்டு டெசவுக்குப் போனது. 1932இல் டெசவிலும் மூடப்பட்டது. பேர்லினில் ஒரு பழைய தொழிற்சாலையில் மறுபடி தொடங்கினார்கள். 1933 ஏப்ரலில் பொலிஸ் வந்து தேடி, பூட்டுப் போட்டது. அந்த யூலையில் ஆசான்களே கூடிக் கலைத்துவிட்டார்கள். பதினான்கு வருடம், மூன்று ஊர். வைமாரில் மிஞ்சிய கட்டடத்திலே 1926இல் வேறொரு கட்டடக்கலைப் பள்ளி தொடங்கியிருந்தது. 1930இல் நாசி அமைச்சர் ஒருவர் வந்ததும் அதன் தலைவரும் மாற்றப்பட்டார். ஒஸ்கார் ஷ்லெம்மர் சுவரில் வரைந்திருந்த ஓவியங்களும் அழிக்கப்பட்டன. எங்களுக்கு 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகம் நினைவுக்கு வரும். முதலில் எதை அழிக்க வேண்டும் என்று அப்படிப்பட்டவர்களுக்கு எங்கேயும் தெரிந்திருக்கிறது.

பள்ளி மூடியபின் அவர்கள் என்ன ஆனார்கள்? பலர் எங்களைப் போல நாடு விட்டுப் போனார்கள். குரோப்பியுஸ் 1934இல் இங்கிலாந்துக்கும் பிறகு அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் போனார். யோசெப் அல்பெர்ஸ், மனைவி அன்னியோடு 1933இலேயே அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனார். ஆங்கிலம் அவருக்குச் சரியாக வராது. ஆனாலும் கடதாசியை எடுத்து மடித்துக் காட்டி, வெட்டிக் காட்டிப் படிப்பித்தார். பாஷை இல்லாமல் ஒரு நாட்டில் வந்து இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போக முடியாதவர்களும் இருந்தார்கள். ஃபிரீடல் டிக்கர் வைமாரில் இட்டனிடம் படித்த யூதப் பெண். 1942இல் அவரைத் தெரேசியன்ஸ்டட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளைச் சேர்த்து, பௌஹவுஸில் தான் கற்ற முறையிலேயே சித்திரம் படிப்பித்தார். 1944 ஒக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸ் கொண்டுபோய்க் கொன்றார்கள். போகுமுன் பிள்ளைகள் கீறிய ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு சூட்கேசில் வைத்து ஒளித்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இன்று இல்லை. படங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி பிராக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் தமிழ் படிப்பிக்கிற எங்கள் ஆசிரியைமார் இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

வைமாருக்கு மேலே எட்டர்ஸ்பெர்க் என்ற மலை இருக்கிறது. அங்கேதான் 1937இல் புக்கன்வால்ட் முகாம் அமைத்தார்கள். டெசவ் பௌஹவுஸில் படித்த ஃபிரான்ஸ் ஏர்லிஹ் அங்கே கைதியாக இருந்தார். முகாம் வாசலுக்கு இரும்பு எழுத்து வரையும்படி அவரைப் பணித்தார்கள். அவனவனுக்கு உரியது அவனவனுக்கு என்ற கருத்துள்ள வாசகம், கைதிகளை இழிவுபடுத்த வைத்தது. அவர் அந்த எழுத்துகளைத் தன் ஆசான்களிடம் கற்ற பௌஹவுஸ் பாணியிலேயே வரைந்தார், நாசிகள் வெறுத்துத் தடுத்த அதே பாணியில். காவலர் எவருக்கும் அது விளங்கவில்லை. நான் அந்த வாசலில் நின்று பார்த்தேன். எழுத்து இன்றும் இருக்கிறது.

போருக்குப் பின் 1946இல் வைமாரில் பள்ளி மறுபடி திறந்தது. கிழக்கு ஜேர்மனியின் காலத்தில், 1954இலிருந்து, அது கட்டடக்கலை, கட்டுமான உயர்கல்லூரியாக இருந்தது. நாடு ஒன்றானபின் 1996இல் பௌஹவுஸ் பல்கலைக்கழகம் என்று பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ அந்தக் கட்டடங்களை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

இனி அந்த இரண்டாவது பயம்.

மகளின் இரண்டாம் ஆண்டில், வேலை ஒப்படைக்கும் கிழமையில் நானும் மனைவியும் சோறு கறி கட்டிக்கொண்டு வைமாருக்குப் போனோம். அவளைத் தங்குமிடத்தில் காணவில்லை. வேலைக்கூடத்திலே இருந்தாள். இரவு பதினொரு மணி. இருபது பிள்ளைகள், மேசையெல்லாம் சாம்பல் நிற மட்டை, பிளேடு, பசை. 1:50 அளவில் வீடுகள். ஒரு பெடியன் மேசைக்குக் கீழே நித்திரை. கொண்டுபோன சோற்றை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அடுத்த நாள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் முன்னாலே வைத்துக் கேள்வி கேட்பார்கள். இரண்டு கிழமை செய்ததைப் பத்து நிமிடத்தில் பிழை என்று சொல்லுவார்கள். பிள்ளை அழும், பிறகு திரும்பச் செய்யும். யூலையில் பள்ளி முழுவதையும் திறந்து ஊருக்குக் காட்டுவார்கள். எங்கட திருவிழா மாதிரி.

காலையில் என்னை மரப்பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பலகை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவுளி இடறி இடறிப் போனது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "பிள்ளை, மரத்தின்ர வரி எந்தப் பக்கம் போகுது எண்டு முதல்ல பார். எதிர்ப்பக்கம் சீவினால் பிய்க்கும்" என்று சொல்லி, வாங்கி, பலகையைத் திருப்பிப் போட்டுச் சீவினேன். சுருள் ஒன்று முழுசாக வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பட்டறை மேஸ்திரி, வயதான ஜேர்மானியர், அந்தச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

உறவுகளே, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து யாராவது "உங்கட அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டால் நான் "பிஸ்னஸ்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த மண்டபத்திலும் சிலருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். ஏன் மறைத்தேன் என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு அந்தப் பட்டறையில் முதல்முறையாகச் சொன்னேன்: "என் அப்பா ஓடாவி. அவரைப் பார்த்துப் பழகியது."

மேஸ்திரி கை தந்தார். மகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

என் அப்பா வீடுகளுக்கு நிலை வைத்தவர், கூரை ஏற்றியவர். நாள் பார்த்து நிலை வைக்கிற அன்றைக்கு அவருக்கு வேட்டி சால்வை கொடுத்து மரியாதை செய்வார்கள். வீடு குடிபுகுந்தபின் அதே வீட்டில் அவருக்கு முற்றத்தில்தான் தண்ணீர். "நீ உளி பிடிக்காதை, பேனை பிடி" என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். அவருடைய நோவு எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் வெறுத்தது உளியை அல்ல, உளி பிடித்த கைக்குக் கிடைத்த மரியாதையின்மையை. நான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, என் மகளின் கையிலிருந்தும் உளியைப் பறிக்கப் பார்த்தேன். அதுதான் என் இரண்டாவது பயம்.

மகள் இன்று ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பழைய வீடுகளைத் திருத்துகிற பிரிவில் வேலை செய்கிறாள். பெரிய சம்பளம் என்று சொல்ல மாட்டேன். படிப்பு நீண்டது, கஷ்டமானது, வேலை தேடுவதும் இலேசல்ல. இதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் கட்டடக்கலை படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தச்சுத் தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் "மற்றவை என்ன சொல்லுவினம்" என்று கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். டொக்டர் ஆகிற பிள்ளை ஆகட்டும். சத்திரசிகிச்சை செய்கிறதும் கைதானே.

நாங்கள் ஊரைவிட்டு வரும்போது காணி உறுதியைக் கொண்டுவந்தோம், நகையைக் கொண்டுவந்தோம். உறுதி பெட்டிக்குள் கிடக்கிறது, நகை வந்த புதிதிலேயே விற்றாயிற்று. அந்தப் பள்ளிக்காரர் கையில் கற்றதைக் கொண்டுபோனார்கள். எந்தப் பொலிஸும் அதை எல்லையில் பறிக்கவில்லை. என் அப்பாவும் எனக்கு அப்படி ஒன்றைத் தந்திருந்தார். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

இன்றைக்குப் புத்தாண்டு. பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுப்போம். இந்தமுறை காசோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "உன்ர கைக்கு என்ன செய்ய விருப்பம்?" கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் மட்டும் பொறுத்திருங்கள். நான் மூன்று கிழமை பேசாமல் இருந்தவன். அந்த மூன்று கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்காது.